சும்மா இருக்கிற நாள்: கொழும்பிலிருந்து ஒரு தோட்டத்து வீட்டுக்கு

கொழும்பிலிருந்து குடும்பத்தோடு தோட்டத்து வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இரவுக்குத்தான் போகிறார்கள். சனிக்கிழமை காலை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேன் ஏறி, மத்தியானம் போய்ச் சேர்ந்து, சாப்பாடு மூன்று மணியாகி, பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏற இருட்டி, கோழி சுட்டு முடிய இரவு பதினொன்றாகி, விடிந்தால் பெட்டி கட்டுகிற வேலை. பதினொரு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். இதில் யாருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. குசினியில் நின்றவர்களுக்கு வீட்டு வேலையே இன்னொரு வீட்டில் தொடர்ந்திருக்கிறது, அதுவும் பழகாத அடுப்பில்.

அதனால் எங்கள் முதல் ஆலோசனை இதுதான்: இரண்டு இரவு தங்குங்கள். நடுவில் முழுதாக ஒரு நாள் வரட்டும். அந்த நாளில் எங்கும் போக வேண்டாம், எதையும் பார்க்க வேண்டாம். இரண்டு இரவுக்குச் செலவு கூடுகிறதென்றால் பள்ளி விடுமுறையில் செவ்வாய், புதன், வியாழன் என்று பாருங்கள். வாரநாள் வாடகை பெரும்பாலும் குறைவு, பேசிக் குறைக்கவும் இடமுண்டு. இந்தக் கட்டுரையில் வருகிற மற்ற எல்லாமே, தண்ணீர்த் தாங்கி முதல் மாசிக்கருவாடு வரை, அந்த நடுநாளைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

நாள் பார்க்கும்போது போயாவை, அதாவது முழுநிலா நாள் விடுமுறையை, ஒட்டி வரும் நீண்ட வார இறுதியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அதனால் பாதையும் நெரிசல், வாடகையும் கூட. போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டு, மதுக்கடையும் பூட்டு. கோழி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். ஏப்ரல் 13, 14ஐச் சுற்றி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரும் சமைக்கிற அக்காவும் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், போகத்தானே வேண்டும். கிராமத்துக் கடைகள் நாலைந்து நாள் ஒழுங்காகத் திறக்காது. வீடு கிடைக்கும், ஆள் கிடைக்காது.

கொழும்பிலிருந்து போக வசதியான திசைகள் மூன்று. முதலாவது சிலாபம் பக்கம். பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறினால், 2013இல் திறந்த அந்த 25.8 கிலோமீற்றர் வத்தளை, ஜா-எல நெரிசலைத் தாண்ட வைத்துவிடும். பிறகு நீர்கொழும்பு, கொச்சிக்கடை, வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று வடக்கே போக வேண்டும். சிலாபம் வரை சுமார் 80 கிலோமீற்றர். காலை ஆறுக்கு முன் புறப்பட்டால் இரண்டு மணித்தியாலம், எட்டுக்குப் புறப்பட்டால் மூன்று. இந்தப் பக்கம் முழுக்கத் தென்னந்தோட்டம். குருநாகல், புத்தளம், கம்பஹா மூன்றையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். தென்னை ஆராய்ச்சி நிலையமும் 1929 முதல் லுணுவிலயில்தான் இருக்கிறது. நிலம் மட்டமாக இருப்பதால் முழங்கால் வலியுள்ள அம்மம்மாவும் தோட்டத்துக்குள் தடியூன்றி நடக்கலாம். முன்னேஸ்வரம் கோயில் சிலாபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் தரிசனத்தைப் போகிற நாளிலோ திரும்புகிற நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள், நடுநாளில் வேண்டாம்.

இரண்டாவது குருநாகல் பக்கம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரை அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறந்த பிறகு கடைசிப் பாதி சுலபமாகிவிட்டது. வயல், குளம், பாறைக் குன்று மூன்றும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் இதுதான் இடம். வயல் பச்சையாக இருக்கிற காலம் பார்த்துப் போக வேண்டும். பெரும்போகத்தில் டிசம்பர், ஜனவரியில் பயிர் நிறைந்து நிற்கும், பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. சிறுபோக அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். அறுவடை முடிந்த கையோடு போனால் காய்ந்த தாள்தான் கண்ணில் படும். மார்ச், ஏப்ரல் வெயில் கடுமை, குளிரூட்டி இல்லாத அறையில் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். நிக்கவெரட்டிய, கல்கமுவ வரை வடக்கே போய்விட்டால் காட்டு யானை நடமாட்டம் உண்டு. அந்தப் பக்கம் வீடு எடுத்தால் இருட்டுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும்.

மூன்றாவது அவிசாவளை, கித்துல்கல பக்கம். ஆறும் றப்பர்த் தோட்டமும் மழையும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, அதோடு அட்டை. காலில் ஏறினால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். நகத்தால் அடியில் நெம்பிவிட்டாலே விழுந்துவிடும். புல்லுக்குள் நடக்கப் போகிறவர்கள் காலுறைக்கு மேல் சவர்க்காரத்தையோ உப்புத் தண்ணீரையோ பூசிக்கொள்ளலாம். களனி ஆற்றின் இந்தப் பகுதியில் நீர்மட்டம் மேலே பெய்கிற மழையையும் மின்னிலையங்கள் விடுகிற நீரையும் பொறுத்து ஏறும் இறங்கும். இங்கே வானம் வெளித்திருப்பதை மட்டும் பார்த்து ஆற்றில் இறங்கக் கூடாது. எங்கே இறங்கலாம் என்பதை ஊர்க்காரரிடம் கேட்டே இறங்குங்கள். முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் முதல்முறை கூட்டிப்போகிற குடும்பத்துக்கு எங்கள் தெரிவு சிலாபம் பக்கம்தான்.

வீட்டைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். படம் எடுக்கிறவர் கெமராவை மூலையில் வைத்து அறையை இரண்டு மடங்காக்கிவிடுவார். அன்றைக்கே எடுத்த ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாசலிலிருந்து தொடங்கி, அறைகள், குளியலறைகள், குசினி, கிணறு, நீச்சல் தடாகம் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக. எடுக்க இரண்டு நிமிடம் போதும். அனுப்பத் தயங்குகிற இடத்தை விட்டுவிடலாம். பிறகு தொலைபேசியில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. முழு வீடும் நமக்கா, அல்லது பக்கத்து அறைகளில் வேறு ஆட்களும் இருப்பார்களா? பகலில் மட்டும் வந்து நீந்திவிட்டுப் போகிற கூட்டத்துக்கும் தடாகத்தைக் கொடுப்பார்களா? பத்துப் பேர் என்றால் குளியலறை எத்தனை? மூன்றுக்குக் குறைந்தால் காலை முழுக்கக் கதவு தட்டுகிற சத்தம்தான். அதில் ஒன்றாவது கொமட் வைத்ததாக, படி ஏறாமல் போகக்கூடியதாக இருக்கிறதா? சாரதிக்கு அறை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவு வேனுக்குள் நுளம்புக்கடியில் படுத்த மனிதர்தான் அடுத்த நாள் முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறவர். அவருக்குக் கட்டிலும் மின்விசிறியும் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

பாதையையும் கேளுங்கள். பிரதான வீதியிலிருந்து உள்ளே எத்தனை கிலோமீற்றர், கடைசித் துண்டு கிறவலா கொங்கிறீற்றா, கேடிஎச் வேன் வாசல்வரை வருமா? அந்த வேனின் கூரை உயரம். தாழ்ந்த மாங்கிளையும் தொங்குகிற கரண்ட் வயரும் இருந்தால் கடைசி அரைக் கிலோமீற்றரைப் பெட்டி சுமந்து நடக்க வேண்டிவரும். வரைபடத்தில் போட்ட புள்ளி தோட்டத்தின் பின்வேலியில் கொண்டுபோய் விடுவதும் நடக்கிற விஷயம். வீட்டு வாசலில் நின்று இடத்தைப் பகிரச் சொன்னால் அந்தப் பிரச்சினை வராது. வேன் வாடகை பேசும்போது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் உள்ளடக்கம், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு எவ்வளவு, இரவு தங்கினால் சாரதிக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேன் நிற்கிற நடுநாளுக்கும் அவர்கள் ஒரு நாள் கணக்குப் போடுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இனித் தண்ணீர். நடுநாளைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கொழும்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று பழகிவிட்டோம். தோட்டத்து வீட்டில் தண்ணீர் கிணற்றிலிருந்து சின்ன மோட்டர் ஒன்றால் மேலே ஏறுகிறது, பல இடங்களில் அரைக் குதிரைவலு மோட்டர். மேலே இருப்பது பெரும்பாலும் ஆயிரம் லீற்றர்த் தாங்கி. ஷவர் நிமிடத்துக்கு எட்டுப் பத்து லீற்றர் விடும். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் நூறு லீற்றர் வரை போய்விடும். பத்துப் பேர் வரிசையாகக் குளித்தால் தாங்கி காலி. மோட்டர் நிமிடத்துக்கு முப்பது லீற்றர் ஏற்றினாலும் திரும்ப நிறைய அரை மணிக்கு மேலாகும். ஆகவே நீந்திவிட்டு வந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் குளியலறைக்குள் புகுந்தால் கடைசியில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நிற்கிறவருக்குத் தண்ணீர் வராது. பிள்ளைகளைக் கிணற்றடியில் வாளியால் குளிக்கவாருங்கள், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பெரியவர்கள் இரண்டு தவணையாகக் குளிக்கலாம்.

கரண்ட் போனால் மோட்டரும் நின்றுவிடும். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு பெரிய வாளித் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வந்திறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை இது, பெட்டி பிரிப்பதெல்லாம் பிறகு.

மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஓடவிட்டபடி காத்திருக்கக் கூடாது. உடனே நிறுத்துங்கள். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அதில் மணலோ சருகோ சிக்கினால் இரவோடு இரவாகத் தண்ணீர் கசிந்து இறங்கி, குழாயில் காற்று நிறைந்துவிடும். மோட்டர் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி ஓடவிட்டால் உள்ளே உள்ள சீல் சூடேறிக் கருகிப்போகும், பிறகு ஆள் கூப்பிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். மோட்டரின் தலைப்பக்கத்தில் ஒரு மூடியாணி இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு அதைத் திறந்து, ஒரு குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். இரண்டு மூன்று லீற்றர் போனதும் வாய்வரை நிறைந்து, குமிழி நின்றுவிடும். மூடியை இறுக்கி மோட்டரைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் சத்தம் மாறி, தண்ணீர் ஏறுவது காதிலேயே தெரியும். எவ்வளவு ஊற்றியும் நிறையவில்லை என்றால் அந்த அடிவால்வு மூடவே இல்லை என்று அர்த்தம். அதைக் கழற்றுவது வீட்டுக்காரர் வேலை. அதிகாலையில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இல்லாத நேரத்தில்தான் இது நடக்கும் என்பதால் வந்த அன்றே அவரிடம் மோட்டர் எங்கே, சுவிட்ச் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கிற தண்ணீருக்கு அந்தக் கிணற்றை நம்ப வேண்டாம். தெளிவாக இருந்தாலும் நம் வயிற்றுக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு நாளைக்கு மூன்று லீற்றர் என்று கணக்கிட்டு 19 லீற்றர்ப் போத்தல்களாகக் கொண்டுபோங்கள். பத்துப் பேருக்கு இரண்டு நாளைக்கு நாலு வேண்டும். கைக்குழந்தையின் பால்மாவுக்குப் போத்தல் தண்ணீரையும் கொதிக்க வைத்தே கரையுங்கள்.

அடுத்தது சமையல். எங்கள் உறுதியான கருத்து: சமைக்கிற ஆள் இல்லாத வீட்டை எடுக்காதீர்கள். வாடகையில் கொஞ்சம் குறைந்த வீட்டை எடுத்துக்கொண்டு, மிச்சப்பட்டதில் ஊரிலேயே ஒரு அக்காவைச் சமைக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டால் அநேகமாக அவர் மனைவியோ பக்கத்து வீட்டவரோ வருவார். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை, பாத்திரம் கழுவுவதும் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாமான்களை நாம் வாங்கிக் கொடுக்கிறோமா, அவர் வாங்கிக் கணக்குக் காட்டுகிறாரா என்பதையும் பேசிவிட வேண்டும். பேசிய பிறகு நம் வீட்டுப் பெண்கள் யாரும் உதவிக்கென்று குசினிக்குள் போய் நிற்கக் கூடாது. மாமி எழும்பிப் போனால் மருமகளும் எழும்ப வேண்டிவரும். அவ்வளவுதான், நடுநாள் போய்விட்டது.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், இல்லை வெள்ளி, செவ்வாய் விரதம் என்றால், ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சிங்களச் சமையலில் தேங்காய்ச் சம்பலிலும், மல்லுமிலும், சில சமயம் பருப்பிலும் பலாக்காய்க் கறியிலும்கூட மாசிக்கருவாடு போடுவார்கள். அதை அவர்கள் மீனாகவே எண்ணுவதில்லை, வாசத்துக்குப் போடுகிற சாமான். “எலவலு” (மரக்கறி) என்று சொன்னால் மட்டும் போதாது. “உம்பலகட தான்ன எபா” (மாசிக்கருவாடு போட வேண்டாம்) என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைக்க “மிரிஸ் அடுவென்”. மரக்கறிக்குத் தனிச் சட்டி வேண்டுமென்றால் வீட்டிலிருந்து இரண்டு சட்டியும் ஓர் அகப்பையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது. அதை யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

அளவு தெரியாமல்தான் சாமான்கள் மிஞ்சுகின்றன. பிள்ளைகளும் சேர்ந்து பத்துப் பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ அரிசி. பருப்பு அரைக் கிலோ. மரக்கறி இரண்டு மூன்று வகை, ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மீன் என்றால் வெட்டிச் சுத்தம் செய்வதற்கு முன் இரண்டு கிலோ. தேங்காய் நாளைக்கு ஐந்தாறு. இரண்டு சம்பலுக்கு, மிச்சம் பாலுக்கு. தேங்காயை மட்டும் கொழும்பிலிருந்து சுமந்து போகாதீர்கள், தோட்டத்திலேயே கிடைக்கும். மீனைச் சிலாபத்திலோ நீர்கொழும்பிலோ காலையில் வாங்கிக்கொண்டு போகலாம். காலைக்கு இடியப்பம், சொதி, சம்பல் என்று முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் அந்த அக்கா அவித்துக்கொண்டு வருவார், ஆளுக்கு ஆறு ஏழு என்று எண்ணிச் சொல்லுங்கள். மத்தியானத்துக்குத் தோட்டத்தில் இருப்பதைக் கேட்டுச் சமைக்கச் சொல்வதுதான் சிறப்பு: ஈரப்பலாக்காய், பிஞ்சுப் பலா, மரவள்ளி, முருங்கையிலை, வல்லாரை. கடையில் இரண்டு நாள் கிடந்த வல்லாரைக்கும் வேலியடியில் இப்போது பறித்த வல்லாரைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பலில் ஒரு வாய் வைத்தாலே பிள்ளைகளுக்கும் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவற்றில் மறந்துவிடுகிறவை மட்டும்: முதியவர்களின் மருந்து மூன்று நாளைக்கு மேலாக, டோர்ச் இரண்டு, நுளம்புத்திரியும் பூசுகிற மருந்தும், ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், ஜீவனி இரண்டு பக்கெட், பரசிட்டமோல், சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று, அவரவர் தலையணை உறை. டெங்கு நுளம்பு காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் கடிக்கிறது. அந்த நேரங்களில் பிள்ளைகளுக்கு நீளக்கையும் நீளக்காலும் போட்டுவிடுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், ஐபுபுரூபன் எதுவும் கொடுக்கக் கூடாது. வைத்தியரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனைக்கு அவர் சொல்கிற நாளைத் தவறவிடாதீர்கள்.

பாம்பைப் பற்றிப் பேசாமல் தோட்டத்து வீட்டைப் பற்றி எழுத முடியாது. பயமுறுத்துவது நோக்கமில்லை. இரண்டு பழக்கங்களைக் கைவிட்டாலே ஆபத்தில் பெரும்பகுதி இல்லாமல் போகும். ஒன்று, கட்டில் போதவில்லை என்று இளம்பிள்ளைகளைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைப்பது. சிங்களத்தில் தெல் கரவலா எனப்படும் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவரைக் கடிக்கிற பாம்பு. கடி வலிக்காமலும் இருக்கும், அடையாளமும் சரியாகத் தெரியாது. சில மணித்தியாலம் கழித்து வயிற்றுவலியும் கண் இமை தொங்குவதும் வரும். ஆளுக்கொரு கட்டில் இருக்கிற வீட்டை எடுங்கள். முடியாவிட்டால் நுளம்பு வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் சுற்றிவரச் செருகிவிடுங்கள், அது பாம்பையும் தடுக்கும். இரண்டாவது, பொச்சுமட்டைக் குவியலிலும் சருகிலும் வெறுங்கையை விடுவது. பொலொன் தெலிஸ்ஸா என்கிற சின்ன விரியன் அங்கேதான் சுருண்டு கிடக்கும், பார்க்கச் சருகுபோலவே இருக்கும். இலங்கையில் மருத்துவமனைகளில் கொடுக்கிற விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்கு வேலை செய்யாது. அடுப்புக்கும் நெருப்புக்கும் மட்டை எடுக்கிற வேலையைத் தோட்டத்து ஆளிடமே விட்டுவிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, நேராக அரசாங்க மருத்துவமனை. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டின் பெயரையும் பக்கத்து சந்தியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவைத்தால் பதற்றத்தில் யார் வேண்டுமானாலும் வாசித்துச் சொல்லலாம்.

நீச்சல் தடாகத்தைப் பரிசோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆழமான பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் உள்ள வடிகால் மூடியின் துவாரங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் யாரும் இறங்க வேண்டாம். தண்ணீர் சுத்தமில்லை என்பது ஒரு காரணம். மூழ்குகிற பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். உயிர்காப்பாளர் என்று ஒருவர் இந்த வீடுகளில் இருப்பது அரிது. பெரியவர்களில் ஒருவர் அரை மணித்தியாலம் கைபேசி இல்லாமல் கரையில் இருக்க வேண்டும், பிறகு அடுத்தவர். “எல்லாரும் பார்க்கிறோம்தானே” என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டாலோ, கட்டு பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே இருந்தாலோ, சின்னப் பிள்ளைகளோடு அந்த வீடு வேண்டாம்.

தென்னை மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள், கதிரை போடாதீர்கள், வேனையும் நிறுத்தாதீர்கள். முற்றின தேங்காய் இருபது மீற்றர் உயரத்திலிருந்து சொல்லாமல் விழும். காய்ந்த மட்டையும் கனமானது. நிழல் வேண்டுமென்றால் மா, பலா, முந்திரி என்று வேறு மரம் பாருங்கள். பலாவில் பழம் பழுத்திருக்கிறதா என்று மட்டும் அண்ணாந்து பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு மழை வரும். முதல் இடி கேட்டதுமே தடாகத்தை விட்டு எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், மழைத்துளிக்காகக் காத்திருக்கக் கூடாது. டிவியையும் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு விறாந்தையில் இருந்து பார்க்க அந்த மழையைப்போல ஒன்று கொழும்பில் கிடைக்காது. ஓட்டுக் கூரையில் விழுகிற சத்தம், மண் வாசம், சீனி போட்ட பிளேன்டி, கூட ஒரு தட்டுப் பொரித்த மரவள்ளி.

நடுநாள் தானாகவே விடியட்டும். குருநாகல், சிலாபம் பக்கங்களில் இப்போது மயில் அதிகம். ஐந்தரைக்கு அது கத்துகிற கத்தலில் பெரியவர்கள் எழும்பிவிடுவார்கள். பக்கத்தில் மாடு வளர்க்கிறவர் இருந்தால் பால் கறக்கிற நேரமும் அதுதான். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போகலாம், ஆனால் முன்னதாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று பேராக. கூட்டமாகப் போனால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். வாங்குகிற பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலில் எந்த விளையாட்டும் வேண்டாம். சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் பறிப்பு வரும். அந்த நாளில் அகப்பட்டால் நீண்ட மூங்கில் தடியின் நுனியில் கத்தி கட்டி, கீழே நின்றபடியே குலையை அறுக்கிற கையைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய காட்சி. தூரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை ஒன்றும் வேண்டாம். தாயம், கரம், சீட்டு எதையாவது விறாந்தையில் வைத்துவிடுங்கள், யார் எடுக்கிறார்களோ எடுக்கட்டும். கைபேசியைப் பறித்து வைப்பது, அட்டவணை போடுவது எதுவும் தேவையில்லை. சலிப்புத் தட்டுகிற முதல் ஒரு மணித்தியாலத்தைப் பெரியவர்கள் பொறுத்துக்கொண்டால், இரண்டாவது மணித்தியாலத்தில் பிள்ளைகள் தென்னோலையில் காற்றாடி செய்யத் தொடங்கிவிடுவார்கள். அப்பப்பாவுக்குத்தான் அது செய்யத் தெரியும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கோழி சுடுவதை முதல் இரவில் வைக்காமல் நடுநாள் இரவில் வையுங்கள். முதல் இரவு பயணக் களைப்பு, நெருப்பு மூட்டுகிறவருக்குப் பொறுமை இருக்காது. பத்துப் பேருக்குத் தோலோடு எலும்போடு மூன்று கிலோ காலும் தொடையும், சிரட்டைக்கரி மூன்று கிலோ. வெறும் சிரட்டையைப் போட்டுச் சுடக் கூடாது. அது புகைந்து, கரிப்பிசின் இறைச்சியில் படிந்து கசக்கும். எரித்துக் கரியாக்கியதுதான் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கடைசிவரை அந்த வாசம் போகாது. காய்ந்த பொச்சை அடியில் வைத்து, கரியை மேலே கோபுரமாகக் குவித்துப் பற்றவைத்தால் அரை மணித்தியாலத்தில் மேல்பக்கம் வெள்ளைச் சாம்பல் பூத்துவிடும். அதற்கு முன் இறைச்சியை வைக்கக் கூடாது. பூத்த கரியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் சூடு குறைவு.

துண்டுகளை எலும்புவரை கீறி, உப்பு, மிளகு, மஞ்சள், இஞ்சி பூண்டு பூசிக் காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். தேசிக்காய்ப் புளியைச் சுடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் மட்டும் விடுங்கள். காலையிலேயே விட்டால் இறைச்சி வெளுத்து மாவுபோலாகிவிடும். முதலில் ஆறின பக்கத்தில் வைத்து, அடிக்கடி திருப்பி, முப்பத்தைந்து நாற்பது நிமிடம். கடைசி ஐந்து நிமிடம்தான் சூட்டுப் பக்கம். தக்காளி சோஸ், தேன், சீனி சேர்ந்த எதையும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். முன்னால் பூசினால் வெளியே கருகி, உள்ளே இரத்தம் நிற்கும். தொடையின் மூட்டுப் பக்கம் கத்தியால் குத்தி, வருகிற சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே சுட்டதையும் எடுத்து வைப்பதுதான் மறுநாள் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம். இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எலும்புகளை அன்றிரவே மூடி போட்ட வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் நாயும் குரங்கும் முற்றத்தைத் தங்களுடையதாக்கிவிடும்.

புறப்படுகிற காலை, வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற கணக்கு வேறு, வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கிறது வேறு. சமைத்த அக்காவுக்கும், வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கும், தோட்டத்தில் ஓடியாடி வேலை செய்த தம்பிக்கும் தனித்தனியாக, அவரவர் கையில் கொடுங்கள். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் மற்றவருக்குப் போய்ச் சேருமென்று சொல்ல முடியாது. மிஞ்சின அரிசி, பருப்பு, எண்ணெயைக் கேட்டுவிட்டு அந்த அக்காவுக்கே கொடுத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு, கட்டிலுக்குப் பின்னால் உள்ள பிளக், கொடியில் காய்கிற நீச்சலுடை, இந்த மூன்று இடங்களையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

தேங்காய் வாங்கிக்கொண்டு வருவதாக இருந்தால் உரிக்கும்போது முழுவதும் மொட்டையாக உரிக்க வேண்டாம், குடுமி விட்டு உரித்துத் தரச் சொல்லுங்கள். கண்கள் மூன்றும் அந்தத் தும்புக்கு அடியில் மூடியிருந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போகாது. குசினி மூலையில் வெயில் படாமல் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கெடாது, உடைக்கிற அன்றைக்குக் குடுமியைப் பிய்த்தால் போதும்.